முன் ஃபோர்க்கில் எண்ணெய் வழிகிறதே!

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் வயல் வரப்பில் ஓடும் 100 சிசி வண்டி. முன் ஃபோர்க்கில் எண்ணெய் வழிகிறது. எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். திருவையாற்றில் மாமனார் வீட்டு வாசலில் நான் முதல்முறை மாற்றியபோது ஒரு ஞாயிறு முழுசாகப் போனது. சீல் வாங்கும் முன், அதற்கு மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை நெம்பிப் பாருங்கள். நடவு நேரத்துச் சேறு காய்ந்து மாவாகக் கிடக்கும். அதைத் துடைத்தாலே சில வண்டிகளில் கசிவு நின்றுவிடும். அப்புறம் ஃபோர்க்கின் பளபளப்பான உள்குழாயில் நகத்தை ஓட்டுங்கள். துருப் புள்ளி தட்டுப்பட்டால் புதுச் சீலும் சீக்கிரம் கிழியும்.

பலர் கோட்டை விடுவது ஃபோர்க்கின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டில் (தலையில் அறுகோணக் குழி இருக்கும்). சக்கரத்தைக் கழற்றியதும், மேல் மூடியைத் திறக்கும் முன்பே அதைத் தளர்த்துங்கள். ஸ்பிரிங் அழுத்தம் போய்விட்டால் உள்ளே இருக்கும் ராடும் கூடவே சுற்றும், நான் பட்டிருக்கிறேன். மூடியை அழுத்திப் பிடித்தபடி கழற்றுங்கள், எகிறும். புதுச் சீலை நுழைக்கும்போது குழாய் நுனியில் பால் கவரைச் சுற்றி எண்ணெய் தடவினால் சீலின் உள்விளிம்பு கிழியாது. தட்டி இறக்க, அளவான பிவிசி குழாய்த் துண்டு போதும். ஆயிலை, வண்டி மேனுவலில் சொன்ன அளவு, இரண்டு பக்கமும் சமமாக ஊற்றுங்கள்.

பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் இறங்கியிருந்தால் ஷூவை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள். பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள், சரியா?