அலுமினியத்தையும் தண்ணீரையும் வைத்து ஹைட்ரஜன் தயாரித்து வண்டி ஓட்டலாமா?

ஹைட்ரஜன் கட்டாயம் வரும். ஆனால் நீங்கள் நினைப்பதுபோல் தண்ணீர் இங்கே எரிபொருள் அல்ல. எரிபொருள் அலுமினியம்தான்.

சோடியம் தண்ணீரைத் தொட்டதுமே சீறும், தீப்பிடிக்கும். அலுமினியம் அசையாமல் கிடப்பதற்குக் காரணம், அதை மூடியிருக்கும் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம். கீறிவிட்டாலும் நொடியில் மறுபடி மூடிக்கொள்ளும். கைச்சூட்டிலேயே உருகும் காலியம் (gallium) என்ற உலோகத்தைத் தடவினால் அது அலுமினியத்தின் இடுக்குகளில் ஊடுருவி, அந்தப் படலத்தை ஒட்டவிடாது. பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: நுரைத்துப் பொங்கும், பாத்திரம் கொதிக்கும், அடியில் சாம்பல் நிறச் சேறு தங்கும். அந்தச் சேறு அலுமினியம் ஹைட்ராக்சைடு.

இப்போது கணக்கு. 1 கிலோ அலுமினியம் சுமார் 111 கிராம் ஹைட்ரஜன் தரும். அதன் ஆற்றல் ஏறத்தாழ 3.7 கிலோவாட் மணி. அந்த ஒரு கிலோ உலோகத்தைப் புதிதாகப் பிரித்தெடுக்கவோ 13 கிலோவாட் மணிக்கு மேல் மின்சாரம் வேண்டும்! எனவே இதை மின்சாரத்தைத் திடப்பொருளாகச் சேமித்து எடுத்துச் செல்லும் வழியாகத்தான் நான் பார்க்கிறேன். கழிவு அலுமினியம் என்றால் கணக்கு கொஞ்சம் தேறும்.

காஸ்டிக் சோடாவும் ஆக்சைடு படலத்தைக் கரைக்கும். ஆனால் தயவுசெய்து மூடிய பாட்டிலில் முயலாதீர்கள். வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடித்து, கொதிக்கும் காரம் முகத்தில் தெறிக்கும்.