பையர் நீட்டும் தாளும் உங்கள் கையெழுத்தும்: வாசகர் கேள்விகள்

தொழிலாளர் நிலைமை பற்றி வெளிநாட்டு பையர்கள் (சரக்கு வாங்கும் கம்பெனிகள்) அனுப்பும் தாள்கள், ஆடிட்டுகள் குறித்த கேள்விகள் இவை. இந்த முறை வந்தவற்றில் பாதிக்குமேல் ஜெர்மனியைப் பற்றியே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் யூனிட்டில் 80 பேர்தான். ஜெர்மன் சப்ளை செயின் சட்டம் எனக்குப் பொருந்துமா? (திருப்பூர்)

நேரடியாகப் பொருந்தாது. தங்களுக்குச் சரக்குத் தருபவர்களிடம் தொழிலாளர் உரிமை மீறப்படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஜெர்மனியில் 1000 பேராவது வேலை பார்க்கும் கம்பெனிகளுக்குப் போட்ட சட்டம் அது. 2023-இல் 3000 பேர் என்று தொடங்கி, மறு ஆண்டே 1000-க்கு இறக்கினார்கள். உங்கள் பையர் அந்தக் கணக்கில் வந்தால், அவருடைய ஆபத்து ஆய்வில் நீங்களும் இருப்பீர்கள். அவர் அனுப்பும் 'சப்ளையர் கோட்' (சப்ளையருக்கான நடத்தை விதிகள்) சட்டம் அல்ல, ஒப்பந்தம். கையெழுத்துப் போடாதவரை அது வெறும் தாள். போட்டுவிட்டால் நன்றாகவே கட்டுப்படுத்தும். முழுக்கப் படியுங்கள். மெர்ச்சண்டைசரைப் போடச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

ஐரோப்பியச் சட்டத்தையே ஒத்திப்போட்டு விட்டார்களாமே? நிம்மதிதானே? (கோவை)

கம்பெனிகள் தங்கள் சப்ளை செயினைக் கண்காணிக்க வேண்டும் என்று 2024-இல் வந்த ஐரோப்பிய உத்தரவு தள்ளிப்போனதும், வரம்பு 1000 ஊழியரிலிருந்து 5000-க்கு ஏறியதும் உண்மைதான். ஆனால் பெரிய கம்பெனிகளுக்கு இதே மாதிரிக் கடமை வைக்கும் பிரான்சின் 2017 சட்டம் அப்படியே இருக்கிறது. கட்டாய உழைப்பில் தயாரான சரக்குக்கு ஐரோப்பியத் தடை 2027 டிசம்பரில் அமலாகிறது. அது சரக்கைப் பார்க்கும், ஆள் எண்ணிக்கையைப் பார்க்காது. நிம்மதியை அதுவரை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மில் ஹாஸ்டலில் ஆர்ஓ பிளான்ட் போட்ட செலவை 2 சதவீத சிஎஸ்ஆர் கணக்கில் காட்டலாமா?

கூடாது. சிஎஸ்ஆர் என்பது லாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குச் செலவிடுவது. சொந்தத் தொழிலாளருக்கு மட்டும் செய்வது சிஎஸ்ஆர் ஆகாது. 2021 திருத்தத்தில் தெளிவாகவே இருக்கிறது. உங்கள் ஆடிட்டர் இதைச் சொல்லவில்லையா? இன்னொன்று, கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி செய்த சிஎஸ்ஆர் செலவு ரசீதை ஜெர்மன் பையருக்கு அனுப்பாதீர்கள். லாபத்தில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்த லாபம் எப்படி வந்தது என்றுதான் கேட்கிறார்.

எஸ்ஏ 8000 சான்றிதழ் (தொழிலாளர் நிலைமைக்கானது) வாங்கிச் சுவரில் மாட்டியாயிற்று. அதன் பிறகும் பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறார். மறுக்கலாமா? (கரூர்)

மறுக்காதீர்கள். சுவரில் மாட்டிய சான்றிதழின் லட்சணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கராச்சி அலி எண்டர்பிரைசஸ் ஆலையில் 2012 செப்டம்பரில் தீப்பிடித்து 250 பேருக்குமேல் செத்தார்கள். ஜன்னலில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் இதே எஸ்ஏ 8000 கொடுத்திருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1100-க்குமேல். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த யூனிட்டுகளிலும் ஆடிட் நடந்துதான் இருந்தது. தூண் தாங்குமா என்று பார்ப்பது ஆடிட்டின் வேலையில்லையாம்! கராச்சி ஆலையின் பெரிய வாடிக்கையாளரான ஜெர்மனியின் 'கிக்' துணிக்கடைக் கம்பெனி மீது பாதிக்கப்பட்டவர்கள் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் வழக்குப் போட்டார்கள். பாகிஸ்தான் சட்டப்படி காலக்கெடு முடிந்துவிட்டது என்று 2019-இல் தள்ளுபடியானது.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ஆடிட்டர் ஒன்றிரண்டு நாள் வருவார். தீயணைப்பான் தேதியைப் பார்ப்பார், முதலுதவிப் பெட்டியைத் திறப்பார், அட்டெண்டன்ஸைப் புரட்டுவார், போட்டோ எடுப்பார். அதே வாரத்தில் அதே பையரின் பர்ச்சேஸ் பிரிவு, பீஸுக்குப் பத்து சென்ட் குறை, ஷிப்மென்ட்டைப் பத்து நாள் முன்னே தள்ளு என்று மெயில் போடும். ஒன்றரை ஷிஃப்ட் ஏன் ஓடுகிறது என்று ஆடிட்டர் உங்களைக் குடைவார், அந்த மெயிலைப் பற்றிக் கேட்கமாட்டார். அவர் செக்லிஸ்ட்டில் விலைக்குக் கட்டம் இல்லை. ஆனால் ஜெர்மன் சட்டத்தின் ஆறாம் பிரிவு, பையர் வாங்கும் முறையையும் அவருடைய தடுப்புக் கடமைக்குள் வைத்திருக்கிறது. தன் கடமையை அப்படியே சப்ளையர் தலையில் கட்டக்கூடாது என்று அதை அமல்படுத்தும் 'பாஃபா' அலுவலகமும் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

ஆகவே ஆடிட்டரை உள்ளே விடுங்கள். ஆர்டர் தேதி, மாற்றிய தேதி, விலை குறைத்த மெயில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலாகப் போட்டு அவர் கையில் கொடுத்து, ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்ததையும் மெயிலில் பதியுங்கள். இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அமெரிக்கா போன சரக்கு நின்றுவிட்டது. உடனே வழி சொல்லவும். (ஈரோடு)

என்ன சரக்கு? எந்தத் துறைமுகம்? நோட்டீஸில் எந்தச் சட்டம்? ஒன்றுமே எழுதாமல் உடனே வேண்டுமாம். பருத்தித் துணி என்றால், பெரும்பாலும் 2022 ஜூனில் அமலான உய்குர் கட்டாய உழைப்புத் தடைச் சட்டமாக இருக்கும். சீனாவின் ஷின்ஜியாங் (உய்குர் மக்கள் வாழும் பகுதி) பஞ்சு கலந்திருந்தாலே கட்டாய உழைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் இறக்குமதியாளர், அதற்குத் தாள் தர வேண்டியவர் நீங்கள். பேல் (பஞ்சுப் பொதி), நூல், துணி, டையிங், ஜாப் ஒர்க் வரை லாட் எண் ஒத்துப்போக வேண்டும். இறக்குமதித் துணியையும் உள்ளூர்த் துணியையும் ஒரே லாட்டில் கலந்திருந்தால் சிரமம்தான். நோட்டீஸை முழுக்கப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

வெளிநாட்டுக் கம்பெனி மீது பாதிக்கப்பட்டவர் நேராக நஷ்டஈடு கேட்க முடியுமா? (சட்ட மாணவர், மதுரை)

பிரான்சின் 2017 சட்டத்தில் முடியும். ஜெர்மன் சட்டத்தை மீறினார் என்பதை மட்டும் வைத்து முடியாது. மூன்றாம் பிரிவைப் பாருங்கள். பிரிட்டனுக்கு 2019 வேதாந்தா தீர்ப்பைப் படியுங்கள். வேதாந்தா குழுமச் சுரங்கத்தின் மாசால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன சாம்பியா கிராம மக்கள் 1800 பேருக்குமேல் லண்டனில் வழக்கு நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

மில் ஹாஸ்டலில் இருக்கிறேன். சூப்பர்வைசர் தொந்தரவு. பிராண்டுக்கே எழுதலாமா? (திண்டுக்கல் மாவட்டம்)

தாராளமாக எழுதலாம். பாலியல் தொந்தரவு என்றால், முதலில் மில்லில் அதை விசாரிக்கும் உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுப்பது சட்டம். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பையர் ஜெர்மன் சட்டத்துக்குள் வருபவர் என்றால், புகார் வழி வைப்பதும் உங்கள் பெயரைக் காப்பதும் அவர் கடமை. 2021-இல் ஓர் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண் தொழிலாளர் மீதான தொந்தரவைத் தடுக்க 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. டிடிசியூ தொழிற்சங்கமும் ஆடை ஏற்றுமதிக் கம்பெனியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்ட் எம் பிராண்டும் கையெழுத்திட்டன, பிறகு கேப், பிவிஎச் பிராண்டுகளும் சேர்ந்தன. இது பிராண்டையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். உங்கள் மில் அதற்குள் வருகிறதா என்று சங்கத்தைக் கேளுங்கள். வராவிட்டாலும் சங்கத்தில் ஒரு ஆளைத் தெரிந்து வைத்திருங்கள்.

லண்டன் பையரின் நவீன அடிமைமுறை அறிக்கையை நாங்கள் எழுதித் தர வேண்டுமா?

வேண்டாம். கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று, ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் பிரிட்டன் சட்டப்படி எழுத வேண்டியது அது. உங்கள் பையர் அந்தக் கணக்கில் வந்தால் அவர்தான் எழுத வேண்டும். 'எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதினாலும் அந்தச் சட்டத்துக்குப் போதும்.

ஆடிட்டுக்கு ஒரு ரெஜிஸ்டர், சம்பளத்துக்கு ஒரு ரெஜிஸ்டர் வைத்திருக்கிறோம். மாட்டினால் அபராதம் எவ்வளவு?

அபராதம் இருக்கட்டும், ஆர்டரே போகும். ஓவர்டைம் இருந்தால் இருக்கிறது என்று காட்டுங்கள், இரட்டைச் சம்பளம் கொடுத்த கணக்கையும் காட்டுங்கள். பெரும்பாலும் திருத்திக்கொள்ள அவகாசம் தருவார்கள். பொய்க் கணக்குக்கு அவகாசம் கிடையாது. இதைக் கம்பெனி மெயில் ஐடியிலிருந்தே அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் எப்படியோ, என் பக்கத்தில் அழித்துவிட்டேன்.