மலைச்சரிவில் கோல்ஃப் பந்து திசை மாறினால் கிரிப்பைத் தொடாதீர்கள்

கேள்வி: நான் வலக்கை ஆட்டக்காரன். சென்னையில் டிரைவிங் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) என் 7 அயர்ன் கிளப்பால் (எண் கூடக் கூடப் பந்து உயரமாகவும் குறைந்த தூரமும் போகும் இரும்புத் தலை மட்டை) அடிக்கும் பந்து பெரும்பாலும் நேராகவே போகிறது. போன மாதம் கொடைக்கானலில் ஆடியபோது ஒரு பந்து இடதுபுறம் போனது, அடுத்தது வலதுபுறம் விலகியது, சில பந்துகள் தரையோடு உருண்டன. பழைய ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து போகும் கோளாறு) திரும்பி வந்துவிட்டதா? கிரிப்பை (கிளப்பைப் பிடிக்கும் விதத்தை) மாற்றிப் பார்க்கலாமா? பங்கரில் (மணல் குழியில்) விழுந்தால் வெளியே எடுக்கவே இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: கிரிப்பை மாற்றாதீர்கள். சுவிங்கில் (கிளப்பை வீசும் விதத்தில்) கோளாறு என்றால் பந்து பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் தப்பும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் காலடியில் இருக்கும் சரிவைத்தான்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். 9 அயர்னை எடுத்து, அதன் முகத்துக்கு (பந்தில் படும் தட்டைப் பரப்புக்கு) நேர் செங்குத்தாக ஒரு பென்சிலை டேப் போட்டு ஒட்டுங்கள். கிளப்பைத் தரையில் சரியாக வையுங்கள், பென்சில் இலக்கைப் பார்க்கும். இப்போது கிளப்பின் நுனிப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். பென்சில் இடப்பக்கம் சாய்ந்துவிடும். பந்து உங்கள் பாதத்தைவிட உயரத்தில் இருக்கும்போது நடப்பது இதுதான். நீங்கள் எவ்வளவு ஒழுங்காக அடித்தாலும் முகம் இடது பக்கம் பார்க்கிறது. சரிவு 5 டிகிரி இருந்தால் 9 அயர்னில் இந்தத் திருப்பம் ஏறக்குறைய 4 டிகிரி. 130 யார்டு தூரத்தில் பந்து 10 யார்டு போல இடப்பக்கம் விலகியிருக்கும். அதே சரிவில் 3 வுட் (தூரம் அடிக்கும் கிளப்) என்றால் ஒரு டிகிரி சொச்சம்தான். லாஃப்ட் (முகத்தின் சாய்வு) கூடக் கூட விலகலும் கூடும் என்பதால், கிரீனுக்குப் (குழி இருக்கும் புல்தரைக்கு) பக்கத்தில் வெட்ஜ் (லாஃப்ட் மிக அதிகமான கிளப்) பிடிக்கும்போதுதான் இதில் அதிகக் கவனம் வேண்டும்.

ஆகவே பந்து பாதத்துக்கு மேலே இருந்தால் கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடியுங்கள், வழக்கத்தைவிட நிமிர்ந்து நில்லுங்கள், இலக்குக்கு வலப்பக்கம் குறி வையுங்கள். அதற்குமேல் சுவிங்கில் எதையும் திருத்த வேண்டாம்.

பந்து பாதத்துக்குக் கீழே இருந்தால் எல்லாமே தலைகீழ். பந்து வலப்பக்கம் போகும். நீங்கள் ஸ்லைஸ் என்று பயந்தது அநேகமாக இதைத்தான். குறியை இடப்பக்கம் மாற்றுங்கள். ஆனால் இங்கே திசையைவிடப் பெரிய சிக்கல் உடம்பு எழுந்துவிடுவது. அடிக்கும் நேரத்தில் முழங்கால் நிமிர்ந்தால் கிளப் பந்தின் தலையில் படும், பந்து உருண்டு போகும். கால்களை அகட்டி வைத்து, முழங்காலை நன்றாக மடக்கி, கிரிப்பின் கடைசி வரை பிடித்து, அந்த மடக்கு மாறாமல் முக்கால் சுவிங் மட்டும் அடியுங்கள். தூரம் குறையும். அதற்கு ஒரு கிளப் கூட்டி (7-க்குப் பதில் 6) எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் ஒரே விதி: தோள்களைச் சரிவுக்கு இணையாக வையுங்கள். ஏற்றத்தில் எடை பின்காலில் நிற்கும், சரிவின் அளவுக்கு லாஃப்ட் கூடிவிடும், 7 அயர்ன் 8 அயர்ன் மாதிரி உயரப் போகும். அதனால் 6 எடுங்கள். இறக்கத்தில் 7 அயர்ன் 6 போலத் தாழ்வாகப் பாய்ந்து, விழுந்த பிறகும் ஓடும். 8 எடுங்கள், பந்தைக் கொஞ்சம் பின்காலுக்குப் பக்கமாக வையுங்கள், எடையை முன்காலில் நிறுத்துங்கள். பந்தைத் தூக்கிவிடும் ஆசையில் பின்னால் சாய்வது இறக்கத்தில் எல்லோரும் செய்வது. சாய்ந்தால் கிளப் பந்துக்கு முன்னாலேயே மண்ணைத் தொட்டுவிடும். அடித்த பிறகும் கிளப் தலை சரிவோடு கீழே போகட்டும்.

எந்தச் சரிவானாலும் அடிப்பதற்கு முன் அதே சரிவில், பந்தை விட்டுச் சற்றுத் தள்ளி, இரண்டு முறை வெறும் சுவிங் போட்டுப் பாருங்கள். கிளப் புல்லை எங்கே உரசுகிறதோ அந்த இடத்துக்குப் பந்து வருமாறு நில்லுங்கள். இது எந்தப் பாடத்தைவிடவும் நம்பகமானது.

சரி, ஸ்லைஸ் உண்மையிலேயே திரும்பியிருந்தால்? அதை டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடத்தில்) மட்டும் சோதியுங்கள், அங்கே தரை சமம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது. வளைவது, கிளப் வரும் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்று லேசானது, பந்து அதிக தூரம் போகும், வளைவோ குறையும். சென்னையில் 150 யார்டு போகும் உங்கள் 7 அயர்ன் அங்கே 160 வரை போகலாம். அந்தக் காற்றிலும் டிரைவரால் (மிக அதிக தூரம் அடிக்கும் கிளப்பால்) அடித்த பந்து வலப்பக்கம் நன்றாக வளைந்தது என்றால், அப்போது பயிற்சியாளரிடம் போங்கள்.

பங்கரில் பலரும் பந்தை அடிக்கப் பார்க்கிறார்கள். அடிக்க வேண்டியது மணலை. சாண்ட் வெட்ஜின் அடிப்பகுதி அதற்காகவே தடித்து இறங்கியிருக்கிறது. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன் அந்த வடிவத்தைச் செம்மைப்படுத்தி, 1932 பிரிட்டிஷ் ஓபனை வென்றபோது அதைப் பையில் வைத்திருந்தார். முகத்தை முதலில் திறந்து வைத்து, அப்புறம் கிரிப் பிடியுங்கள். பிடித்த பிறகு கையைத் திருப்பித் திறந்தால் அடிக்கும்போது மூடிக்கொள்ளும். பந்துக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் மணலில் நுழைந்து, நிற்காமல் மறுபக்கம் வெளியே வாருங்கள். பந்தைப் பார்த்ததும் வேகத்தைக் குறைப்பதால்தான் அது உள்ளேயே கிடக்கிறது. வெறும் சுவிங் போடும்போது கிளப் மணலைத் தொட்டால் தண்டனை உண்டு என்பதை மறக்க வேண்டாம். பந்து சுவரோரம் மாட்டிக்கொண்டால், 2019 விதிகளின்படி இரண்டு தண்டனை அடிகள் ஏற்றுக்கொண்டு பங்கருக்கு வெளியே, குழியிலிருந்து பந்து வழியாகப் போகும் நேர்கோட்டில் பின்னால் போய் டிராப் செய்யலாம் (பந்தைக் கையால் கீழே விட்டு ஆடலாம்). மூன்று முறை மணலைக் கிளறுவதைவிட அது மலிவு.

அடுத்த முறை மலைக்குப் போவதற்கு முன் ரேஞ்சிலேயே கொஞ்சம் பழகிக்கொள்ளலாம். உயரமான டீயில் (பந்தை ஏற்றி வைக்கும் குச்சியில்) பந்தை வைத்து 8 அயர்னால் அடியுங்கள், பாதத்துக்கு மேலே இருக்கும் பந்துக்கு அது நல்ல பயிற்சி. ரேஞ்சின் ஓரத்தில் மண்மேடு இருந்தால், அனுமதி கேட்டு அங்கிருந்து வெட்ஜால் மெதுவாகச் சில பந்துகள் அடித்துப் பாருங்கள்.