ஜாக்கி தம்பிக்கு அந்த நீர் மாத்திரை வேண்டாங்க

கோபியிலிருந்து பெங்களூருக்கு ஜாக்கி (பந்தயக் குதிரை ஓட்டுபவர்) பயிற்சிக்குப் போன உங்க தம்பி, எடை பார்ப்பதற்கு முந்தின நாள் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல், மழைக்கோட்டு மாட்டி ஓடி, நண்பன் கொடுத்த, சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் நீர் மாத்திரையும் போட்டு மூணு கிலோ குறைக்கிறார், ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து அலறுகிறார் என்று எழுதியிருந்தீங்க.

முதல்ல அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க. சிறுநீரோடு சோடியமும் பொட்டாசியமும் போய்விடும். தசை இழுப்பது அதோட ஆரம்பம், பொட்டாசியம் ரொம்ப இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் அது இருக்கு. குறைவது கொழுப்பும் இல்லைங்க, வெறும் தண்ணி, குடித்ததும் திரும்பி வந்துவிடும். ஆனால் அந்த வறண்ட உடம்போடுதான் 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் குதிரை மேல் உட்காருகிறார், கண் இருட்டினால் என்ன ஆகும்! பிரிட்டனில் ஜாக்கிகள் வியர்த்து எடை குறைக்கப் பந்தய மைதானங்களில் இருந்த சானா எனும் வெப்ப அறைகளையே 2021இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

வருஷக்கணக்கில் பட்டினி கிடந்தால் எலும்பும் பலமிழக்கும், அடிக்கடி விழுகிற தொழிலில் அது பெரிய ஆபத்து.

எடையை வாரம் அரைக் கிலோ போல மெதுவாக இறக்கட்டும். ஊருக்கு வந்தால் கொள்ளுப்பருப்பு, முட்டை, மோர், அளவாக ராகிக்களி கொடுங்க. இந்த வாரமே பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கு என்று காட்டுவது) ரத்தப் பரிசோதனை செய்யுங்க. மயக்கமோ படபடப்போ வந்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.

அப்புறம், வயசும் உயரமும் எழுதுங்க. இன்னும் வளருகிற பையன் என்றால் எடை ஏறத்தான் செய்யும், காலைப் பயிற்சியில் மட்டும் குதிரை ஓட்டும் வேலையைப் பற்றி அவர் ட்ரெய்னரிடம் இப்பவே பேசலாம்.