பொடோனி எழுத்துரு: உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பொடோனியைப் பார்த்தவுடன் அடையாளம் காண்பது எப்படி, ஐயா?

பதில்: பெரிய அளவில் அச்சான ‘எச்’ என்ற ஆங்கிலத் தலைப்பெழுத்தைப் பாருங்கள். இரண்டு தூண்களும் கனமாக நிற்க, அவற்றை இணைக்கும் குறுக்குக்கோடு மயிரிழையாக ஓடும். தூணின் அடியிலும் முடியிலும் உள்ள ‘செரிஃப்’ எனப்படும் குறுங்கோடுகளும் அதே அளவு மெல்லியவை. ஆங்கில ‘ஓ’ எழுத்தில் இடவலப் பக்கங்கள் தடித்தும், உச்சியும் அடியும் நூலாய் மெலிந்தும் இருக்கும்.

கேள்வி: அந்தக் காலத்தில் இவ்வளவு மெல்லிய கோடுகளை எப்படி அச்சிட்டார்கள்?

பதில்: இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சாளர் ஜான் பாஸ்கர்வில் வழவழப்பான தாளையும் அடர்ந்த மையையும் கையாண்டு வழிகாட்டினார். பாரிசில் எழுத்து வடிவமைப்பாளர் ஃபிர்மேன் திதோ அந்தப் போக்கை மேலும் கூர்மையாக்கினார். 1768 முதல் இத்தாலியின் பார்மா நகர அரச அச்சகத்தை நடத்திய ஜியாம்பட்டிஸ்டா பொடோனி, தொடக்கத்தில் பாரிசின் எழுத்து வடிவமைப்பாளர் ஃபூர்னியேயின் எழுத்துகளைப் பின்பற்றிப் பிறகு தமக்கென ஒரு வடிவத்தை அடைந்தார். அவர் 1813இல் மறைந்த பின், அவருடைய எழுத்து மாதிரிகளை அவர் மனைவி 1818இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பரந்த வெள்ளை ஓரங்களுக்கு நடுவே அந்த எழுத்துகள் நிற்கும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

கேள்வி: கதைப்புத்தகம் ஒன்றை 10 புள்ளி (எழுத்தளவின் அலகு) பொடோனியில் அமைத்தேன். கண் கூசுகிறது என்கிறார்கள்.

பதில்: கூசத்தான் செய்யும். அந்த அளவில் மயிரிழைகள் மங்கிவிட, தடித்த தூண்கள் மட்டும் வேலிக்கம்பிகள் போல வரிசையாகத் தெரிகின்றன. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தின் அச்சைத் தனித்தனியே வெட்டினார்கள். சிறிய எழுத்தின் மெல்லிய கோடுகளைச் சற்றுத் தடிப்பாகவே விட்டார்கள். கணினியிலோ பெரும்பாலும் ஒரே வரைவுதான் எல்லா அளவுக்கும் விரிந்து சுருங்குகிறது. இதனால்தான் 1994இல் வந்த ‘ஐடிசி பொடோனி’ என்ற கணினி எழுத்துரு 6, 12, 72 புள்ளிகளுக்கு மூன்று வரைவுகளைக் கொண்டது. இலவசமாகக் கிடைக்கும் ‘பொடோனி மோடா’ எழுத்துருவிலும் அளவுக்கேற்ற வரைவுகள் உண்டு. என்னைக் கேட்டால், நீண்ட கதைக்கு வேறு எழுத்துருவையே எடுங்கள். பொடோனியை அத்தியாயத் தலைப்புக்கு வையுங்கள்.

கேள்வி: கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்த அழைப்பிதழில் கோடுகள் காணாமல் போயின. அச்சகத்தின் தவறா?

பதில்: அச்சகத்தை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எனக்கும் ஒரு மலர் அட்டையில் இதே அனுபவம் நேர்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, ஆங்கில ‘ஈ’ எழுத்தின் நடுக்கோட்டை இருபுறமிருந்தும் பரவிய மை மூடியிருந்தது. நான்கு மைகளைச் சேர்த்து நிறம் உண்டாக்கும்போது, அவற்றின் நான்கு அச்சுத் தகடுகளும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் வெள்ளை மயிரிழை அடைபட்டுவிடும். பின்னணிக்கு நான்கு மைகளுக்குப் பதிலாகக் கரும்பச்சைத் தனி மை ஒன்றையே பயன்படுத்துங்கள், எழுத்தையும் பெரிதாக்குங்கள்.

கேள்வி: பொடோனித் தலைப்பின் அருகே தமிழ்த் தலைப்பும் வர வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: தமிழிலும் அதே மயிரிழையைத் தேட வேண்டாம். ‘ண’வின் அடுத்தடுத்த சுழிகளில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வந்தால் எழுத்து துண்டு துண்டாகத் தெரியும். மிதமான தடிப்பு வேறுபாடுள்ள தமிழ் எழுத்துருவை எடுத்து, அதன் நேர்க்கோட்டின் கனத்தைப் பொடோனித் தூணின் கனத்தோடு ஒப்பிட்டு அளவைச் சரிசெய்யுங்கள்.