டிசைன் கேள்வி பதில்: கண்ணு மொதல்ல எங்க போகுது?

கேள்வி: அண்ணா, நான் வீட்டுல இட்லி பொடி, பருப்பு பொடி போட்டு பக்கத்து கடைகளுக்கு குடுக்குறேன். லேபிள நானே போன்ல பண்ணேன், பேரு, பிள்ளையார், மிளகா படம், "வீட்டு முறை தயாரிப்பு", போன் நம்பர்னு எல்லாம் இருக்கு, கலரும் பளிச்சுன்னுதான் இருக்கு. ஆனா கடைக்காரர் "என்ன பொடின்னே தெரியலயேம்மா"ங்குறாரு. எங்க தப்பு பண்றேன்?
- பொடி வியாபாரம் பண்ற வாசகி, ஈரோடு

பதில்: லேபிள் பாத்தேன் தங்கச்சி. கடைக்காரர் சொன்னது சரிதான். அஞ்சு ஃபான்ட், ஏழு கலர், எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சைஸு. பஸ் ஸ்டாண்டுல பத்து கண்டக்டர் ஒரே நேரத்துல ஊர் பேர கூவுனா நம்ம பஸ் எதுன்னு எப்படி தெரியும், அந்த மாதிரி ஆகிப்போச்சு.

ஒண்ணு பண்ணுங்க. பாக்கெட்ட அலமாரில வச்சுட்டு ஒரு ஆறடி தள்ளி நின்னு கண்ண பாதி மூடிட்டு பாருங்க, என்ன மிஞ்சுதோ அதுதான் உங்க லேபிள். இப்போதைக்கு மிஞ்சுறது மிளகா மட்டும்தான், பாக்குறவங்க மிளகாத்தூள்னு நெனச்சு போயிடுவாங்க. "இட்லி பொடி"ங்குறது மத்த எழுத்த விட மூணு மடங்காவது பெருசா வேணும், கொஞ்சமா பெருசாக்குனா பத்தாது, அது ஏதோ தப்பா வந்த மாதிரிதான் தெரியும். அதுக்கு அப்புறம் உங்க பிராண்ட் பேரு, அதுக்கும் சின்னதா எடை. சேர்க்கப்பட்ட பொருள், அட்ரஸ், போன் நம்பர் எல்லாத்தையும் பின்னாடி தள்ளுங்க. பிள்ளையார் கோச்சுக்க மாட்டாரு, அவரையும் பின்னாடி மூலைல உக்கார வைக்கலாம்.

அப்புறம் அந்த காலி இடம். "காசு குடுத்து அடிக்கிறோம், சும்மா விடுறதா"ன்னு பூ, பார்டர், நட்சத்திரம்னு ரொப்பிடுறோம், நம்மூர்ல பாதி டிசைன் கெட்டுப்போறதே இதனாலதான். எழுத்த சுத்தி வெறுமையா விட்டா அதே சைஸ் எழுத்து இன்னும் பெருசா தெரியும், அதுக்கு மேல சைஸ ஏத்த வேணாம். கோடு, வடிவம், கலர் மாதிரி காலி இடமும் டிசைன்ல ஒரு பாகம்தான்.

கலர் ரெண்டு போதும். கலர மட்டும் நம்பாதீங்க, ஏன்னா ஆம்பளைங்கள்ல கொஞ்ச பேருக்கு சிவப்பு பச்சை வித்தியாசமே சரியா தெரியாது. உங்க பாக்கெட்லயே இதுக்கு உதாரணம் இருக்கு. சைவத்துக்கு சதுரத்துக்குள்ள பச்சை வட்டம் போடுறோம்ல, முன்னாடி அசைவத்துக்கும் அதே வட்டம்தான், கலர் மட்டும் பிரவுன். 2020ல வந்த லேபிளிங் விதில அசைவத்த முக்கோணமா மாத்திட்டாங்க. இப்போ கலர் பிரிச்சு பாக்க முடியாதவங்களுக்கும் வடிவத்த பாத்தே தெரிஞ்சிடும். என்ன கேட்டா நம்ம நாட்டுல நடந்த ரொம்ப நல்ல டிசைன் மாற்றத்துல இதுவும் ஒண்ணு, யாரும் பெருசா பேசவே இல்ல.

கேள்வி: சார், டிசைனுக்கு அடிப்படைன்னு லைன், ஷேப், கலர், டெக்ஸ்ச்சர் (சொரசொரப்பு, வழவழப்பு மாதிரி), ஸ்பேஸ்னு வீடியோல லிஸ்ட் போடுறாங்க. மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா சிஸ்டம் முன்னாடி உக்காந்தா ஒண்ணும் வரல.
- காலேஜ் மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, லிஸ்ட மறந்துட்டு ஒரு பத்து ரூபா காயின எடுத்து அந்த ₹ குறிய பாருப்பா. உதயகுமார்னு நம்ம தமிழ்நாட்டுக்காரர் போட்டது, 2010 ஜூலைல மத்திய அரசு ஏத்துக்கிச்சு. இங்கிலீஷ் ஆர் எழுத்துல இடது பக்கம் நேரா நிக்கிற குச்சிய எடுத்துட்டாரு, அது அப்படியே தேவநாகரி 'ர'வும் ஆயிடுச்சு. மேல படுத்த மாதிரி ரெண்டு கோடு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து. அந்த சந்துல மையே இல்ல, ஆனா அது இருக்குறதாலதான் மூவர்ணக்கொடி மாதிரி ஞாபகம் வருது. கோடு, வடிவம், காலி இடம் இந்த மூணே மூணுதான், கலர் இல்ல, டெக்ஸ்ச்சர் இல்ல, பேனாவுல ரெண்டு மூணு இழுப்புல எழுதிடலாம். 2025 பட்ஜெட் லோகோல தமிழ்நாடு அரசு இதுக்கு பதிலா 'ரூ' போட்டு பெரிய சண்டையாச்சு, அந்த அரசியல் இங்க வேணாம், ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரைஞ்சு பாரு, ஒண்ணு மேல கனமா நிக்குது, இன்னொண்ணு கீழ சுழிச்சுக்கிட்டு இறங்குது. இப்படி தினம் ஒரு லோகோவ கைல வரை, எத எடுத்தா அது செத்துப்போகும்னு பாரு. சிஸ்டம் அப்புறம் தொறந்துக்கலாம்.

கேள்வி: மானிட்டர்ல கிளிப்பச்சையா இருந்தது பிரிண்ட்ல பாசி புடிச்ச மாதிரி வந்துடுச்சு. பிரஸ்ல கேட்டா "உங்க ஃபைல் அப்படி"ங்குறாங்க. ஏமாத்துறாங்களா?
- வாசகர், மதுரை

பதில்: இந்த ஒரு தடவ பிரஸ் பக்கம்தான் நியாயம். மானிட்டர் சிவப்பு, பச்சை, நீலம்னு வெளிச்சத்த கலந்து காட்டுது. பிரிண்ட் அப்படி இல்ல, சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு மை பேப்பர்ல உக்காந்து வெளிச்சத்த உறிஞ்சுது. அதனால ரொம்ப பளிச்சுன்னு இருக்குற பச்சை, நீலம், ஆரஞ்சு எல்லாம் மைல வரவே வராது. ஆரம்பத்துலயே ஃபைல சிஎம்ஒய்கே மோட்ல, அதாவது இந்த நாலு மை கணக்குல வச்சு பண்ணுங்க, அடிக்கிறதுக்கு முன்னாடி அதே பேப்பர்ல ஒரு ப்ரூஃப், அதாவது மாதிரி பிரிண்ட் கேளுங்க. சாதாரண பிரிண்ட்ல வெள்ளைன்னு தனியா மை கிடையாது, பேப்பரோட வெள்ளைதான் வெள்ளை, அதனால பிரவுன் கவர்ல அடிச்சா எல்லா கலரும் ஒரு ஷேடு இறங்கிடும். சின்ன எழுத்த கருப்பு ஒரே மைல போடுங்க, நாலு மையும் கலந்த கருப்புல போட்டா ஒரு மை மேல இன்னொரு மை சரியா உக்காராம ஒரு முடி அளவு விலகுனாலும் எழுத்து மங்கலாயிடும். நான் இத கத்துக்க ஆயிரம் கல்யாண பத்திரிகைய திரும்ப அடிச்சு குடுத்தேன், காசு என் கைய விட்டுதான் போச்சு.

கேள்வி: இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவுல இடைவெளி விட்டா ஸ்டைலா இருக்கு, தமிழ்ல விட்டா ஏன் அசிங்கமா இருக்கு?
- வாசகி, திருச்சி

பதில்: "கொடி"ன்னு எழுதி இழுத்து பாருங்க. கொம்பு ஒரு பக்கம், க நடுவுல, கால் இன்னொரு பக்கம்னு போயி நிக்கும். நமக்கு அது மூணும் சேந்து ஒரே எழுத்து, அத பிச்சா கண்ணு தடுமாறும். இடைவெளி வேணும்னா வரிக்கு வரி விடுங்க, கீ மேல சுழிக்குது, சு, பு எல்லாம் கீழ இறங்குது, இங்கிலீஷுக்கு வச்ச வரி இடைவெளி தமிழுக்கு பத்தாது, மேல் வரியோட வாலு கீழ் வரியோட தலைல இடிக்கும். எழுத்த அகலத்துல மட்டும் புடிச்சு இழுக்காதீங்க, நேரா நிக்கிற கோடெல்லாம் தடிச்சுப்போயி பாக்க சகிக்காது. இடம் பத்தலன்னா வார்த்தைய கொறைங்க.

கேள்வி: கேன்வா போதுமா, போட்டோஷாப் கத்துக்கணுமா?
- பேர் போடாத வாசகர்

பதில்: மாசம் நாலு ஸ்டேட்டஸ் போடுறதுக்கு கேன்வா போதும். இந்த ஃபீல்டுல வேலைக்கு போகணும்னா லோகோவுக்கு இல்லஸ்ட்ரேட்டர் மாதிரி வெக்டார்ல, அதாவது புள்ளி புள்ளியா இல்லாம கோட்ட கணக்கா வச்சு வரையுற ஒரு சாஃப்ட்வேர கத்துக்கோங்க, போட்டோஷாப் அப்புறம். வெக்டார் லோகோவ விசிட்டிங் கார்டுலயும் போடலாம், முப்பது அடி பேனர்லயும் போடலாம், உடையாது.