மியூவோன் ஆராய்ச்சி என்று மகள் கேட்டால் பயப்பட வேண்டுமா?

வணக்கம் அம்மா. பௌதிகவியல் சிறப்புப் பட்டம் படிக்கும் உங்கள் மகள் மியூவோன் ஆராய்ச்சிக்குப் போகப்போவதாகச் சொல்கிறார், இதைப் படித்தால் யார் வேலை தருவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளை நல்ல துறையைத்தான் பார்த்திருக்கிறார்.

மியூவோன் இலத்திரனைவிட ஏறக்குறைய 207 மடங்கு திணிவுள்ள துகள். சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன்தான். ஆராய வேண்டிய பொருளுக்குள் நேர்மின்னேற்றமுள்ள மியூவோன்களைச் செலுத்துவார்கள். மியூவோன் ஒரு சின்னக் காந்தம் போன்றது; அது நோக்கும் திசையைத் தருவது சுழற்சி (spin) என்ற அதன் இயல்பு. அணுக்களுக்கு நடுவே போய் நிற்கும் மியூவோனின் சுழற்சி, சாய்ந்த பம்பரத்தின் அச்சுப் போல, அந்த இடத்துக் காந்தப்புலத்தைச் சுற்றி வரும். மியூவோன் சிதையும்போது, சுழற்சி நோக்கிய பக்கமாகத்தான் பொசித்திரன் (நேர்மின்னேற்றமுள்ள, இலத்திரனின் எதிர்த்துகள்) கூடுதலாக வெளிவரும். அவற்றை எண்ணினால், பொருளின் உள்ளே அந்தச் சின்ன இடத்தில் புலம் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். மின்கலத்துக்குள் லிதியம் அயன் எவ்வளவு வேகமாக நகர்கிறது, மின்தடையே இல்லாத மீகடத்திக்குள் காந்தப்புலம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதெல்லாம் இப்படி அளக்கப்படுகின்றன.

இதற்கான மியூவோன் கற்றை யாழ்ப்பாணத்தில் இல்லை. இங்கிலாந்தின் ஐசிஸ் (ISIS), சுவிஸில் வில்லிகன் என்ற ஊரில் உள்ள மையம், கனடாவில் வான்கூவரின் டிரையம்ஃப் (TRIUMF), ஜப்பானின் ஜே-பார்க் (J-PARC) ஆகிய ஆராய்ச்சி மையங்கள்தான் முக்கிய இடங்கள். (கனடா என்றதும் ஸ்காபரோ உறவினர் வீட்டை நினைக்காதீர்கள், வான்கூவர் நாட்டின் மறுகரை.) ஆனால் அங்கே அளக்கிறவர்களில் பலர் வேறு பல்கலைக்கழகங்களில் இருந்து தங்கள் மாதிரிகளுடன் சில நாட்களுக்கு வருகிறவர்கள். அதனால் மகள் இப்போது கற்க வேண்டியது மாதிரி தயாரிப்பு, எக்ஸ் கதிர் ஆய்வு, பைதான் என்ற கணினி மொழி. இறுதியாண்டு ஆய்வைத் திண்மநிலைப் பௌதிகவியலில் எடுத்தால், இதை எல்லாம் இங்கேயே தொடங்கலாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது: அந்த மையங்களில் நிரந்தர வேலைகள் குறைவு. ஆனால் இந்தக் கலாநிதிப் படிப்பை முடிக்கிறவருக்கு மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குக் குளிரூட்டல், கருவிகள், தரவுப் பகுப்பாய்வு எல்லாம் கைவந்துவிடும். மின்கல ஆராய்ச்சிக்கும் குறைகடத்தித் துறைக்கும் அது உதவும்.

பணத்துக்காகக் காணியை ஈடு வைக்காதீர்கள், முகவருக்கும் கொடுக்காதீர்கள். விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைப்பது வழக்கம். அது இல்லாமல் வரும் இடத்தை ஏற்க வேண்டாம். மகள் தன் ஆய்வை ஒரு பக்கத்தில் எழுதி, தன் விரிவுரையாளர் பார்த்த பிறகு, அந்த மையங்களைப் பயன்படுத்தும் பேராசிரியர்களுக்கு நேரடியாக அனுப்பட்டும்.